பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் 'காப்பி': ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை?

நூல்வேட்டை

பழைய லண்டன், நியூயார்க் பத்திரிகைக்காரர்களின் நினைவுக் குறிப்புகளைப் படித்துத் தமிழில் குறிப்பெடுத்து வருகிறேன். பக்கத்துக்குப் பக்கம் 'காப்பி' (copy) என்ற சொல் எதிர்ப்படுகிறது. நிருபர் காப்பி எழுதுகிறார். துணை ஆசிரியர் காப்பி பார்க்கிறார். எடுபிடிப் பையன் காப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். வாய்க்கு வந்ததைப் பேசும் அமைச்சர் 'நல்ல காப்பி' ஆகிறார். மறுநாள் காலை தெருமுனையில் நிற்பவர் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகிறார்.

அகராதியைத் திறந்தால் முதலில் நிற்கும் பொருள் 'நகல்'. மேலே சொன்னவற்றில் முதல் நான்கிலும் நகலுக்கு இடமே இல்லை. நிருபரின் தட்டச்சுப் பொறியிலிருந்து வெளியே வரும் முதல் தாள்தான் காப்பி. அதற்கு அடியில் கார்பன் வைத்து எடுத்த நகலுக்கு லண்டனில் 'பிளாக்' என்றும் அமெரிக்காவில் 'டூப்' என்றும் பெயர். மெல்லிய தாளில் எடுத்த நகலுக்கு 'பிளிம்சி'. நகலுக்கு இத்தனை பெயர்கள் தேவைப்பட்டதற்குக் காரணம், காப்பி என்ற பெயரை மூலத்துக்குக் கொடுத்துவிட்டதுதான் என்பது என் வாதம். பத்திரிகை அலுவலகத்தில் காப்பி என்றால் மூலம்.

மறுப்பவர்கள் மறுக்கலாம். இந்தச் சொல்லை ஒட்டிப் பிறந்த பதவிப் பெயர்கள், தொழிற்பேச்சு எது தெரிந்தாலும் எழுதுங்கள்.

சுவடிக்காரர்

பத்திரிகைகள் பிறப்பதற்கு முன்பிருந்து தொடங்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் 1476-இல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலை அச்சிட்டார். வாங்கிப் படித்த ஒரு கனவான் அவரிடம் வந்து, சாசர் எழுதியபடி இந்த நூல் இல்லை என்று குறை சொன்னார். 1483 வாக்கில் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் காக்ஸ்டனே இதைச் சொல்கிறார். அவர் தந்த பதில்: என் காப்பியில் இருந்தபடியே அச்சிட்டேன், நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அச்சகத்தாரின் இந்தப் பதில் அன்று தொடங்கி ஐந்நூறு ஆண்டுகள் ஓய்ந்ததே இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காக்ஸ்டன் கையில் இருந்த காப்பி சாசரின் கையெழுத்து அல்ல. யாரோ பார்த்து எழுதிய படி. குறை சொன்ன கனவான் தன் தந்தையிடம் மேலான படி இருப்பதாகச் சொல்ல, அதைப் பெற்றுத்தான் இரண்டாம் பதிப்பு வந்தது. ஆகவே 'மூலம்' என்பது முழுக்கப் பொருந்துமா என்று எனக்குத் தயக்கம்.

தமிழிலும் இதே நிலைதான். நூறு பிரதி எடுத்தான் என்றால் நகல். 'கையெழுத்துப் பிரதி' என்றால் ஆசிரியர் எழுதியது. பத்தாயிரம் பிரதிகள் விற்றன என்றால் அச்சிட்ட இதழ். உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்பில் வரும் 'பிரதிபேதம்' என்பதிலோ அது ஏட்டுச்சுவடி. ஆங்கிலத்துக் காப்பியைப் புரிந்துகொள்ள நம் 'பிரதி' போதும். 'நகல்' வழி மறிக்கிறது.

ஈயஎழுத்து

அரசு அச்சகத்தில் காப்பி ஹோல்டராகச் சேர்ந்து ரீடராக, அதாவது மெய்ப்புத் திருத்துபவராக, ஓய்வு பெற்றவன் நான். 'காப்பியில் இருந்தபடி' என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. ஆங்கில அச்சகங்களில் ஒரு பழமொழி வழங்கியது: காப்பி சன்னல் வழியே பறந்து போனாலும் அதன் பின்னாலேயே போ. எழுதியவர் தவறாக எழுதியிருந்தாலும் அச்சுக்கோக்கும் கம்பாசிட்டர் தன் இஷ்டத்துக்குத் திருத்தக் கூடாது. கேள்விக்குறி போட்டு ரீடருக்கு அனுப்பலாம், அவ்வளவுதான்.

காப்பி ஹோல்டர் வேலை என்ன என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. கேலி புரூஃப், அதாவது பிழை பார்க்க எடுத்த மெய்ப்பு, ரீடர் முன்னால் இருக்கும். காப்பி என் கையில் இருக்கும். நான் உரக்கப் படிக்க வேண்டும், அவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே வருவார். சொற்களை மட்டும் படித்தால் போதாது. காமா, ஸ்டாப், பாரா, பெரிய எழுத்துக்கு 'கேப்', மேற்கோள் தொடங்கும் இடம், முடியும் இடம் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். ஆங்கில அலுவலகங்களில் எழுத்துக்கு மேலே வரும் ஒற்றைக் குறிக்கு 'பாஸ்' என்பார்கள், ஆச்சரியக்குறிக்கு 'ஸ்கிரீமர்'. எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். அரசாணையும் அட்டவணையும் படித்துப் படித்துக் குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும். அதுதான் நல்லதும்கூட. உணர்ச்சியோடு படித்தால் ரீடர் பொருளில் மூழ்கிவிடுவார், பிழை தப்பிவிடும்.

ஹோல்டர் என்பது எப்போதும் ஆளைக் குறித்தது என்று நினைக்க வேண்டாம். ஜோசப் மாக்சன் 1683-இல் வெளியிடத் தொடங்கிய அச்சுத்தொழில் கையேட்டில் 'விசோரம்' என்ற கருவி வருகிறது. எழுத்துப் பெட்டியின் மேல் செருகி, கம்பாசிட்டர் கண்ணுக்கு நேரே காப்பியைப் பிடித்து நிறுத்துவது அது. தட்டச்சு மேசைகளில் தாளை நிறுத்தி வைக்கும் தாங்கிக்கும் பிற்பாடு காப்பி ஹோல்டர் என்றே பெயர் வந்தது.

மேசைவிளக்கு

அமெரிக்கச் செய்தி அறைகளின் காப்பித் தாள் எப்படி இருந்தது என்பதை நூல்வேட்டைக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த ஒரு தாளைப் பார்த்தாலே பாதி சொற்கள் விளங்கிவிடும்.

தாள் மலிவான நியூஸ்பிரிண்ட். இடது மூலையில் நிருபரின் பெயர். அதனடியில் செய்தியை அடையாளம் காட்டும் ஓரிரு சொற்கள், அதற்கு 'ஸ்லக்' என்று பெயர். முதல் தாளில் மேலே மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டுத்தான் தட்டச்சு செய்யத் தொடங்க வேண்டும். தலைப்பும் எழுத்து அளவும் குறிப்பதற்கான இடம் அது. வரிகளுக்கு இடையே பென்சில் ஓட இடம். ஒரு பாரா அடுத்த தாளுக்குத் தாண்டக் கூடாது. செய்தி தொடர்ந்தால் கீழே 'மோர்' (இன்னும் உண்டு) என்று போட வேண்டும், முடிந்தால் '30'. லண்டனில் 'எம்.எஃப்.' என்றும் 'எண்ட்ஸ்' என்றும் போட்டார்கள்.

பாரா ஏன் தாண்டக் கூடாது? நேரம் நெருங்கும்போது ஒரு செய்தி முழுவதையும் ஒரே ஆள் அச்சுக்கோத்தால் பதிப்பு தப்பிவிடும். ஆகவே அச்சுக்கூடத்தில் 'காப்பி கட்டர்' என்றே ஒருவர் இருப்பார். வந்த காப்பியைத் துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு, வரி வரியாக ஈயத்தில் வார்க்கும் ஐந்தாறு லைனோடைப் இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஈய வரிகள் திரும்பி வந்ததும் வரிசைப்படி சேர்ப்பார்கள். ஒரு வாக்கியம் பாதியில் அடுத்த தாளுக்குப் போனால் இந்த ஏற்பாடே குலைந்துவிடும். எழுதுபவரின் பாரா அளவைக்கூட அச்சுக்கூடம்தான் முடிவு செய்தது. அன்றைய செய்திகளில் பாராக்கள் குட்டையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

திருத்தும் இடத்துக்குக் 'காப்பி டெஸ்க்'. குதிரை லாட வடிவில் ஒரு மேசை. உள்வளைவில் உட்காருபவர் தலைவர், அவர் இடத்துக்கு 'ஸ்லாட்'. வெளிவளைவில் 'ரிம்' ஆட்கள். ஸ்லாட் ஆள் காப்பியைப் பார்த்து ஒருவரிடம் தள்ளுவார், அவர் திருத்தித் தலைப்பு எழுதித் திருப்பித் தள்ளுவார். 'காப்பி!' என்று ஒரு கூச்சல் எழுந்தால் பையன் ஓடி வந்து எடுத்துப் போவான். பெரிய அலுவலகங்களில் காற்றழுத்தக் குழாயில் போட்டு அச்சுக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

இன்னொன்று, 'பி காப்பி'. தேர்தல் முடிவோ தீர்ப்போ வரப்போகிறது என்றால் பின்னணி முழுவதையும் முன்கூட்டியே எழுதி அச்சுக்கோத்து வைத்துவிடுவார்கள். செய்தி வந்ததும் மேலே இரண்டு பாரா மட்டும் சேர்ப்பார்கள்.

ஈயஎழுத்து

மேசைவிளக்கு ஐயா சொன்ன துண்டு போடும் வேலையில் கூலிச் சண்டையும் கலந்திருந்தது. கையால் அச்சுக்கோத்த காலத்தில் கம்பாசிட்டர்களுக்குக் கோத்த அளவுக்குத்தான் காசு. கவிதை, உரையாடல், வெற்றிடம் நிறைந்த விளம்பரம் இவையெல்லாம் 'கொழுப்பு'. இடத்தை அடைக்கும், எழுத்து குறைவு, காசு அதே காசு. நெருக்கமான சிற்றெழுத்துக் காப்பி யார் கையில் விழுகிறதோ அவருக்கு அன்றைய நாள் நஷ்டம். ஏற்கெனவே அச்சான பக்கத்தைப் பார்த்து மறுபடி கோப்பதற்கு, கையெழுத்தைப் பார்த்துக் கோப்பதைவிடக் கூலி குறைவு. எழுதியவர் யார், என்ன எழுதினார் என்பதைவிட எந்தத் தாளைப் பார்த்துக் கோக்கிறோம் என்பதே கம்பாசிட்டருக்கு வயிற்றுப்பாடு.

மெல்லியதாள்

நூல்வேட்டையின் வாதத்தை நான் ஏற்கவில்லை. ஈயஎழுத்து ஐயா கடைசியில் சொன்னதே போதுமான மறுப்பு. அச்சான பக்கம் எப்படி மூலமாகும்? அதுவும் காப்பிதான், 'ரீபிரிண்ட் காப்பி'.

விக்டோரியா காலத்து லண்டனில் 'பென்னி எ லைனர்' என்று ஒரு கூட்டம் இருந்தது. எந்தப் பத்திரிகையிலும் சம்பளம் கிடையாது, அச்சான வரிக்குக் கூலி. தீ விபத்து, தற்கொலை, போலீஸ் கோர்ட் விசாரணை என்று ஊரெல்லாம் திரிந்து எழுதுவார்கள். ரால்ஃப் வெட்ஜ்வுட் 1806-இல் காப்புரிமை பெற்ற கார்பன் தாள் அவர்களுக்கு வரப்பிரசாதம். மெல்லிய தாள்களை அடுக்கி இடையில் கரித்தாள் வைத்து, கூர்முனையால் அழுத்தி எழுதினால் ஒரே நேரத்தில் பல படிகள் விழும். ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்துக்கும் ஒன்று. எத்தனை பத்திரிகைகள் எடுத்துக்கொள்கின்றனவோ அத்தனை கூலி. அந்த அலுவலகங்கள் தங்களுக்கு வந்த 'பிளிம்சி'யை என்னவென்று அச்சுக்கூடத்துக்கு அனுப்பின? காப்பி என்றுதான். அதில் மூலம் எது, நகல் எது? அத்தனையும் ஒரே அழுத்தத்தில் பிறந்தவை.

செய்தி நிறுவனத்தின் டெலிபிரிண்டர் சுருளும் அப்படித்தான். ஒரே நொடியில் எத்தனையோ அலுவலகங்களில் ஒரே வரிகள் ஓடுகின்றன. வேறு பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டும் காப்பிதான். ஆக, மூலமா நகலா என்ற கேள்வி இந்தச் சொல்லுக்கு ஒட்டவே ஒட்டாது. கம்பாசிட்டரின் கண் எந்தத் தாளில் இருக்கிறதோ அது காப்பி. அதற்கு மேல் அந்தச் சொல்லில் எதையும் ஏற்றக் கூடாது.

சுவடிக்காரர்

இது சரியான வரையறை. காக்ஸ்டனுக்கும் பொருந்துகிறது.

மனுதாரர்

சட்டத்தின் பக்கமிருந்து ஒரு மறுப்பு. கம்பாசிட்டரின் கண்ணோடு சொல் நின்றுவிடவில்லை. லண்டன் அச்சகத்தார், பதிப்பாளர் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் பதிவேட்டில் ஒரு பதிப்பாளர் நூலின் பெயரைப் பதிந்தால், 'அவருடைய காப்பியாக' அது பதிவாகும். மேசை மேல் இருக்கும் தாளை அந்தப் பதிவு குறிக்கவில்லை. அந்த நூலை அச்சிடும் உரிமையையே காப்பி என்றார்கள். 1710-இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டத்தின் நீண்ட தலைப்பைப் பாருங்கள்: அச்சு நூல்களின் 'காப்பிகளை' ஆசிரியர்களுக்கோ அவற்றை வாங்கியவர்களுக்கோ உரித்தாக்கிக் கல்வியை ஊக்குவிக்கும் சட்டம். காப்பியை உரித்தாக்குவது என்றால் தாள்கட்டைக் கையில் கொடுப்பதல்ல. புதிய நூலுக்குப் பதினான்கு ஆண்டுகள், ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் பதினான்கு ஆண்டுகள் அச்சிடும் உரிமை. காப்பிரைட் என்ற சொல்லின் முதல் பாதி இங்கிருந்து வந்தது.

பத்திரிகையாளர்கள் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு: வால்டர் எதிர் லேன், 1900. பிரிட்டிஷ் அரசியல்வாதி ரோஸ்பெரி பிரபுவின் மேடைப் பேச்சுகளை 'தி டைம்ஸ்' நிருபர்கள் சுருக்கெழுத்தில் எடுத்து, சொல்லுக்குச் சொல் வெளியிட்டார்கள். ஜான் லேன் என்ற பதிப்பாளர் அந்த அறிக்கைகளிலிருந்து பேச்சுகளை எடுத்துப் புத்தகம் போட்டார். பேச்சு ரோஸ்பெரியுடையது, நிருபர் கேட்டதை எழுதினார், அவ்வளவுதானே என்பது லேன் தரப்பு. மேல்முறையீட்டை விசாரித்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. பேச்சைக் கேட்டு, சுருக்கெழுத்தில் பிடித்து, விரித்து, நிறுத்தக்குறி இட்டுச் செம்மையாகத் தந்த உழைப்பும் திறமையும் நிருபருடையவை, ஆகவே அந்த அறிக்கைக்கு அவரே ஆசிரியர் என்று தீர்ப்பளித்தது. பிறர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லையும் அப்படியே எழுதியவர் 'ஆசிரியர்' ஆனார். மூலமும் நகலும் இதைவிட நெருங்கி நின்ற இடம் வேறு இல்லை.

நூல்வேட்டை

மெல்லியதாள் தந்த வரையறையையும் மனுதாரர் தந்த வழக்கையும் சேர்த்துப் பார்க்கிறேன். அச்சுக்கூடத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் காப்பி என்பது பார்த்துக் கோக்க வேண்டிய தாள். எழுதுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அச்சுக்குக் கொடுத்த சரக்கு. 'நல்ல காப்பி' என்று மனிதரைச் சொல்வது இரண்டாவதிலிருந்து கிளைத்தது, அவரைப் பற்றி எழுதினால் பத்தி நிரம்பும் என்ற பொருளில். தமிழில் அதைப் 'பத்திரிகைகளுக்குத் தீனி' என்று எழுதிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். விளம்பரக்காரர்கள் வாசகத்தைக் காப்பி என்பதும் இதே கிளைதான்.

இப்போது எனக்குச் சிக்கல் தருவது 'காப்பி டேஸ்டர்'. லண்டன் அலுவலகங்களில் வந்து குவியும் காப்பி முழுவதையும் முதலில் பார்த்து, வேண்டியதை எடுத்து, மற்றதை மேசை மேலுள்ள இரும்பு முள்ளில் குத்திவிடும் ஆள். தமிழில் என்ன சொல்வது?

மனுதாரர்

அந்தப் பதவி நம் சட்டத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் உருமாறி. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், 1955, யார் யார் பத்திரிகையாளர் என்று பட்டியல் இட்டது: ஆசிரியர், தலையங்கம் எழுதுபவர், செய்தி ஆசிரியர், துணை ஆசிரியர், நிருபர், கேலிச்சித்திரக்காரர், மெய்ப்புத் திருத்துபவர் என்று போகும் அந்த வரிசையில் 'காப்பி டெஸ்டர்' வந்தது. டேஸ்டர் அல்ல, டெஸ்டர். சுவைப்பவர் சோதிப்பவராகிவிட்டார். காதில் கேட்டதை எழுதியதில் நேர்ந்த மாற்றம் என்றே நான் கருதுகிறேன்.

மேசைவிளக்கு

அப்படித் தள்ளிவிட வேண்டாம். சட்டத்தில் ஏறிவிட்ட சொல்லுக்குச் சம்பளமும் பணிப் பாதுகாப்பும் உண்டு. எந்தச் சொல்லிலிருந்து வந்தாலும் டெஸ்டர் இந்தியப் பத்திரிகைத் தொழிலின் சொல்தான்.

சுவடிக்காரர்

இரண்டுக்கும் சேர்த்துத் தமிழில் சொல் இருக்கிறது: பதம் பார்ப்பவர். சுவைப்பதும் அதில் உண்டு, சோதிப்பதும் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல முதல் பாராவைப் பார்த்தே முடிவெடுப்பவர் அவர்.

நூல்வேட்டை

எடுத்துக்கொண்டேன். இதைவிட நல்ல சொல் அமையாது.

மெல்லியதாள்

'காப்பி டேக்கர்' என்பவரையும் குறித்துக்கொள்ளுங்கள், குழப்பிக்கொள்ளக் கூடாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வெளியூர் நிருபர் தொலைபேசியில் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்பவர். நிருபர் பொதுத் தொலைபேசிக் கூண்டில் நின்றுகொண்டு, குறிப்பேட்டைப் பார்த்து, வாக்கியத்தை மனத்திலேயே கோத்துக்கொண்டு சொல்வார். முற்றுப்புள்ளிக்குப் 'பாயிண்ட்', புதுப் பத்திக்குப் 'பார்', பெயர்களை எழுத்துக்கூட்டி. ஈயஎழுத்து ஐயா காப்பியை வாயால் சொல்லி ரீடருக்குக் கேட்க வைத்தார் அல்லவா, இங்கே அதே வேலை தலைகீழாக நடக்கிறது. இவர் கேட்டு எழுதிய பிறகுதான் காப்பியே பிறக்கிறது. 'இன்னும் நிறைய இருக்கிறதா?' என்று நடுவில் கேட்டு நிருபரின் உற்சாகத்தை அடக்கும் காப்பி டேக்கர்களைப் பற்றி லண்டன் நிருபர்கள் இன்றும் பேசுகிறார்கள். செய்தியின் முதல் வாசகர் அவர்தான். அவருக்கு அலுப்புத் தட்டினால் நாட்டுக்கும் தட்டும் என்று எடுத்துக்கொள்வது நிருபருக்கு நல்லது.

மேசைவிளக்கு

மெல்லியதாளின் வரையறைக்கு இன்னும் வலுச் சேர்க்க ஒன்று. அமெரிக்க அச்சுக்கோப்பாளர் சங்கமான இன்டர்நேஷனல் டைப்போகிராபிக்கல் யூனியனின் ஒப்பந்தங்களில் 'போகஸ்' என்று ஒரு விதி இருந்தது. கடைக்காரர் விளம்பரத்தைத் தயாரான அச்சாகவே கொடுத்தாலும், பத்திரிகையின் கம்பாசிட்டர்கள் அதை மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். மெய்ப்பு எடுத்துத் திருத்த வேண்டும். பிறகு உருக்கும் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். வாசகர் கண்ணில் ஒருநாளும் படாத அந்த வேலைக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள், அதற்கும் பெயர் காப்பிதான். வெளியார் கொடுத்த அச்சு தங்கள் வேலையைப் பறித்துவிடக் கூடாது என்று தொழிலாளர்கள் போராடிப் பெற்ற விதி அது. வீண்வேலை என்று முதலாளிகள் ஏசினார்கள். வேலை போய்விடும் என்ற தொழிலாளர்களின் அச்சம் நியாயமானது என்பதற்கு, பின்னால் வந்த ஒளியச்சும் கணினியும் சாட்சி.

சுவடிக்காரர்

கணினியின் 'காப்பி' எங்கிருந்து வந்தது? பத்திரிகையிலிருந்தா?

மேசைவிளக்கு

கணினியின் 'கட்', 'பேஸ்ட்' கட்டளைகளில் உள்ள கத்தரியும் பசையும் பதிப்பு மேசையிலிருந்து வந்தவை. 1970-களில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லேரி டெஸ்லரும் டிம் மாட்டும் 'ஜிப்சி' என்ற எழுத்துச் செயலியை ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காகச் செய்தார்கள். அங்கே பதிப்பாசிரியர்கள் காப்பியை வெட்டி ஒட்டித்தான் வேலை செய்தார்கள். கணினியில் காப்பி என்ற கட்டளை மட்டும் அகராதியின் பழைய 'நகல்' பொருளுக்கே போய்விட்டது. நான் முன்பு சொன்ன 'ஸ்லக்'கோ செய்தி அறையிலிருந்து நேராக இணையத்துக்குப் போனது. இணையதள முகவரியின் கடைசித் துண்டுக்கு அதுதான் பெயர். கான்சாஸில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிறந்த ஜாங்கோ என்ற மென்பொருள் அந்தச் சொல்லை நிரலாளர்களிடையே வெகுவாகப் பரப்பியது.

நூல்வேட்டை

கடைசியாக ஒன்று. 'டெட் காப்பி' என்று வருகிறது. வெளியிடாமல் ஒதுக்கிய செய்தியா?

ஈயஎழுத்து

இல்லை. ஒதுக்கியது முள்ளில் குத்தியது. டெட் காப்பி என்றால் கோத்து, புரூஃப் பார்த்து, வேலை முடிந்த தாள். கம்பாசிட்டரின் கண் அதை விட்டு அகன்றுவிட்டது, ஆகவே மெல்லியதாள் சொன்ன கணக்குப்படி அது செத்த காப்பி. ஆனால் யாரும் உடனே தூக்கி எறிய மாட்டார்கள். தேதி போட்டுக் கட்டாகக் கட்டிச் சில காலம் வைத்திருப்பார்கள். அச்சில் ஒரு பெயர் தவறிப்போய், சம்பந்தப்பட்டவர் வக்கீல் நோட்டீஸோடு வந்து நின்றால், தவறு எழுதியவருடையதா, திருத்தியவருடையதா, கோத்தவருடையதா என்பதை அந்தக் கட்டைப் பிரித்துத்தான் சொல்ல முடியும். மையில் எழுதியது நிருபர், பென்சில் திருத்தம் மேசைக்காரர், தாளில் இல்லாமல் அச்சில் மட்டும் இருந்தால் எங்கள் ஆள். அந்தக் கட்டை ஒப்படைக்கும் வரை ரீடர் வீட்டுக்குப் போக முடியாது.